உயர்ந்த வீதியும் தங்கிய வெள்ளமும்: கனகராயன் ஆற்றங்கரைக் குடியிருப்பொன்றின் நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சி நகரின் கிழக்கு விளிம்பில், கனகராயன் ஆற்றின் இடது கரையில் உள்ள ஒரு குடியிருப்பில் 2010க்கும் 2024க்கும் இடையில் நடந்ததை இங்கே பதிகிறேன். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். கிளிநொச்சிக்காரருக்கு எந்த இடமென்று பிடிபடலாம். பிடிபட்டால் உங்களோடேயே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நடந்த கூட்டங்களில் பார்வையாளனாக இருந்திருக்கிறேன். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளையும் பார்க்க விட்டார்கள்.

## பின்னணி

கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் தொடங்கி வடக்கே ஓடி இரணைமடுக் குளத்தில் தேங்குகிறது. குளத்தின் வானால், அதாவது மேலதிக நீர் வழியும் பாதையால், வெளியேறும் தண்ணீர் வட்டக்கச்சி, பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கமாக இறங்கி ஆனையிறவுக் கடனீரேரியில் விழுகிறது. கோடையில் ஆற்றில் மணல்தான் தெரியும். மாரியில் இரணைமடு வான் பாய்ந்தால், கீழே இருப்பவர்கள் ஆற்றின் இரைச்சலை வைத்தே எத்தனை கதவு திறந்திருக்கிறது என்று ஊகிப்பார்கள்.

குடியிருப்பின் அமைப்பு எளிது. மேற்கே மேட்டில் இடதுகரை வாய்க்காலின் கிளை ஒன்று. அதற்குக் கீழே வயல், வயலுக்குக் கீழே ஒரு வரிசை வீடுகள், பிறகு வீதி. வீதிக்குக் கிழக்கே இன்னொரு வரிசை வீடுகள், அதற்கும் அப்பால் ஆறு. வீதி ஆற்றோடு சேர்ந்தாற்போல் வடக்கே ஓடி, ஒரு பாடசாலையடியில் திரும்பி, கண்டி–யாழ்ப்பாணம் நெடுஞ்சாலையான ஏ9 வீதியைப் பிடிக்கிறது. மழைத் தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போகவேண்டும். அதன் பாதையில் வீதி குறுக்கே கிடக்கிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும், ஆனால் பல வருடமாக அதைப் பற்றி யாரும் வாய்திறக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பழைய கிரவல் வீதி நிலமட்டத்தில் கிடந்தது, மூன்று இடங்களில் பள்ளம் இருந்தது, தண்ணீர் அதன் மேலால் ஏறிப் போய்விடும். மாரியில் இரண்டு நாள் சேற்றில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள், அவ்வளவுதான்.

ஏ9 திறந்தால் ஊர் நிமிரும், மூடினால் படுக்கும் என்பது இங்கே பழகிப்போன கதை. 2002இல் சமாதான காலத்தில் பாதை திறந்தபோது ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி ஏறித்தான் என்றாலும் சனம் போய்வந்தது. 2006 ஓகஸ்ட்டில் பாதை திரும்ப மூடியது. 2009 ஜனவரி தொடக்கத்தில் கிளிநொச்சி நகரம் படையினர் கைக்கு வந்தபோது அங்கே மக்கள் யாரும் இல்லை. எல்லோரும் கிழக்கே முல்லைத்தீவுப் பக்கம் இடம்பெயர்ந்திருந்தார்கள். முகாம்களிலிருந்து மீளக்குடியேற வந்தவர்கள் முதலில் தறப்பாளும் தகரமும் போட்டு இருந்தார்கள். பிறகு ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா இந்திய வீட்டுத் திட்டம் வந்தது. இன்றும் பூசாத சீமெந்துக் கல் சுவர்களோடு அந்த வீடுகள் பல நிற்கின்றன.

## பாதைகள் திரும்பியதும் ஊர் மாறியது

2013 செப்டெம்பரில் புகையிரதம் கிளிநொச்சி வரை வந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை போனது. அதற்குள் ஏ9 காபெட் (வழவழப்பான தார்) வீதியாகிவிட்டது. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள், நகரத்தைச் சுற்றி ஆடைத் தொழிற்சாலைகள், மாவட்டச் செயலகத்தைச் சுற்றி அலுவலகங்கள் என்று வேலை கூடியது. முன்பு வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடந்த இந்தக் காணிகள் திடீரென்று 'டவுனுக்குக் கிட்ட' என்று ஆகிவிட்டன.

இதில் பலர் கவனிக்காத ஒரு பக்கம் உண்டு. நகரத்தில் வேலைபார்ப்பவர்கள் ஆற்றுப்பக்க வரிசையிலும் வீதியோரத்திலும் காணி வாங்கி, டிப்பரில் மண் கொண்டுவந்து நிரப்பி, அதன்மேல் வீடு கட்டினார்கள். தங்கள் வளவு உயர்ந்தால் தங்களுக்குத் தண்ணீர் வராது என்பது அவர்கள் கணக்கு, அந்தளவில் சரியான கணக்கும்கூட. அந்தத் தண்ணீர் யாருடைய வளவுக்குப் போகும் என்று கேட்க வேண்டிய நிலையில் யாரும் இல்லை. ஆற்றில் மணல் ஏற்றும் டிப்பர்களும் இதே வீதியால்தான் ஓடின, பெரும்பாலும் இரவில்.

மினிபஸ் ஒன்று காலையும் மாலையும் வந்தது. ஆடைத் தொழிற்சாலை பஸ் விடிய ஐந்தரைக்குச் சந்தியில் நின்றது. இரண்டு வாகனமும் கிரவல் வீதியில் மாரி முழுக்கத் திண்டாடின. அதனால் வீதி வேண்டும் என்று கேட்டதில் ஊர் ஒன்றாகத்தான் நின்றது.

## வீதி வந்தது

2016இல் வேலை தொடங்கி அடுத்த வருடம் முடிந்தது. கிரவலுக்கு மேலே ஏறத்தாழ இரண்டு அடி மண் போட்டு இறுக்கி, காபெட் போட்டார்கள். மூன்று பள்ளங்களும் நிரவப்பட்டன. தண்ணீர் போக இரண்டு இடங்களில் ஒவ்வொரு கொங்கிரீட் குழாய் வைத்தார்கள். வடக்கே ஒன்று, நடுவில் ஒன்று. தெற்குப் பள்ளத்தில் ஒன்றுமில்லை.

வேலை நடக்கும்போது வயது போன கமக்காரர் ஒருவர், வேலைத்தளத்தில் நின்ற மேற்பார்வையாளரிடம், "தம்பி, இதால தண்ணி போறதெண்டா ஒரு குழாய் காணாது" என்று சொல்லியிருக்கிறார். "ஐயா, வரைபடத்தில இருக்கிறதைத்தான் நாங்க செய்யலாம்" என்பது பதில். மேற்பார்வையாளர் பொய் சொல்லவில்லை. அவருக்கு மேலே இருந்த யாரும் மாரியில் அந்த இடத்தைப் பார்த்திருக்கவில்லை, அளவெடுத்தது ஆவணி மாதம்.

2017 மாரி சாதாரணமாகப் போனது. மினிபஸ் சேறு படாமல் வந்துபோனது. வீதியைப் பற்றிக் குறைசொல்ல யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

## 2018 டிசம்பர்: கண்டவை

டிசம்பர் 21ஆம் திகதி வெள்ளி இரவு பேய்மழை. இரணைமடு ஏற்கெனவே நிறைந்திருந்தது. சீரமைப்பின்போது அதன் முழு மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டிருந்தது. வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. இந்தக் குடியிருப்பில் விடிவதற்குள் ஆற்றுத் தண்ணீர் ஆற்றுப்பக்க வரிசைக்குள் வந்துவிட்டது. பிறகு குழாய்களால் எதிர்த்திசையில் ஏறி மேற்கு வரிசைக்குள்ளும் புகுந்தது. எல்லோரும் பாடசாலைக்குப் போனார்கள்.

வெளியில் இருந்து வந்தவர்களுக்கு இது ஒரே வெள்ளமாகத்தான் தெரிந்தது. ஆறு பெருகியது, ஊர் மூழ்கியது. வேறுமாதிரிப் பார்க்க வைத்தது மேற்கு வரிசையில் சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி. மாதர் சங்கத்தின் பொருளாளர். கணக்கு எழுதிப் பழகிய கை. சனிக்கிழமை மத்தியானம் பொருட்களை எடுக்க வீட்டுக்குத் திரும்பிய அவர், அடுப்படிச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தில் கரிக்கட்டையால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதினார். அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் ஒரு கோடு. ஆற்றுப்பக்கம் இருக்கும் தம்பியிடமும் அப்படியே செய்யச் சொன்னார். அவர் கிணற்றுக் கட்டில் அடையாளம் வைத்தார்.

தம்பியின் கோடுகள் ஞாயிறு பின்னேரமே கீழிறங்கிவிட்டன, ஆறு வடிந்துவிட்டது. அக்காவின் சுவரில் ஞாயிறுக்கும் செவ்வாய்க்கும் இடையில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, விரல் வைக்க இடமில்லாமல் நெருங்கிக் கிடந்தன. நத்தார் அன்றும் மேற்கு வரிசையில் முழங்காலளவு தண்ணீர். ஆறு கொண்டுவந்த தண்ணீரும் வயலிலிருந்து இறங்கிய தண்ணீரும் சேர்ந்து, வீதியைத் தாண்ட வழியில்லாமல் நின்றிருக்கிறது. அந்த நாட்களில் வீதி ஈரம் காய்ந்து, அதன்மேல் நெல் காயப்போடும் நிலையில் இருந்தது.

ஜனவரியில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் வந்து மட்டம் பார்த்தார். அவரை வரவழைக்கக் கிராம அலுவலர் எடுத்த முயற்சியைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். வடக்குக் குழாயின் வாயை சம்புப் புல்லும் சொப்பின் பைகளும் அடைத்திருந்தன. நடுக்குழாயின் கிழக்கு வாய், புதிதாக நிரப்பிய ஒரு வளவின் மண்ணுக்குள் பாதி புதைந்திருந்தது. கரிக்கோட்டுச் சுவரைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதை வெள்ளையடிச்சுப் போடாதேங்கோ" என்றாராம். சுவர் அப்படியே இருக்கிறது. கைப்பேசியில் எடுத்த படம் கோரிக்கைக் கடிதத்தோடு போனது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2019 பெப்ரவரியில் கிராம அபிவிருத்திச் சங்கம் கூட்டம் வைத்தது. முதலில் எழுந்த கோரிக்கை, வீதியை இன்னும் உயர்த்தவேண்டும் என்பதுதான். மினிபஸ் உரிமையாளரும் இளம் பொடியன்கள் பலரும் அந்தப் பக்கம். காரணம் நியாயமானது. வெள்ளத்தில் வீதியும் சில மணிநேரம் மூழ்கியிருந்தது, அந்த நேரத்தில் வருத்தக்காரர் ஒருவரை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள்.

உத்தியோகத்தர் மூன்று வழிகளைச் சொன்னார். உயர்த்தலாம், ஆனால் அது முழுநீள அணைக்கட்டு ஆகிவிடும். குழாய்களைக் கூட்டலாம், ஆனால் அவை அடைபடும், துப்புரவாக்க ஒவ்வொரு புரட்டாதியிலும் ஆள் வேண்டும். மூன்றாவது, வடக்கே பெரிய பெட்டி மதகு ஒன்று, நடுப்பள்ளம் இருந்த இடத்தில் வீதியைப் பழைய மட்டத்துக்கு இறக்கிக் கொங்கிரீட் போடுதல். வெள்ளம் வந்தால் தண்ணீர் அதன் மேலால் போகும், பஸ் நிற்கும்.

"இவ்வளவு காசு கொட்டிப் போட்ட றோட்டை வெட்டச் சொல்லுறியளோ?" என்று ஒருவர் கத்தினார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. அன்றைக்கு முடிவில்லை.

முடிவை மாற்றியது மினிபஸ்காரரோடு தனியாக நடந்த பேச்சு. சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற தபால் ஊழியர், அவரிடம் ஒரு கேள்விதான் கேட்டார்: வருடத்தில் எத்தனை நாள் அண்ணை உங்கட பஸ் அந்த இடத்தில நிக்கவேண்டி வரும்? அவரே யோசித்து, இரண்டு மூன்று நாள் என்றார். அந்த நாட்களில் பாடசாலையடியில் பஸ்ஸைத் திருப்பலாம், சனம் அதுவரை நடந்துவர வேறு வழி இருந்தால் தனக்குச் சம்மதம் என்றார்.

அந்த வேறு வழிதான் வாய்க்கால் கரை. மேட்டில் கிடப்பதால் அது மூழ்குவதில்லை. கரையைக் கிரவல் போட்டு அகலமாக்கினால் லாண்ட்மாஸ்டரும் ஓட்டோவும் போகலாம். வாய்க்காலுக்குப் பொறுப்பானவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: மணல் டிப்பர் ஏறாதபடி இரண்டு முனையிலும் பூட்டுப்போட்ட இரும்புக் கம்பம் நடவேண்டும். கரை உடைந்தால் காலபோகமே போய்விடும் என்ற அவர்கள் பயத்தில் பிழையில்லை.

இப்படியாக முடிவு மூன்று பகுதியானது: பெட்டி மதகு, தாழ்த்திய கொங்கிரீட் பகுதி, வாய்க்கால் கரைப் பாதை. நிரப்பிய வளவுக்காரரிடம் குழாய் வாயைத் தோண்டிவிடும்படி சங்கம் கேட்டது. முகத்தை முறித்துக்கொண்டாலும் செய்துவிட்டார். வான்கதவு திறக்கும் செய்தி வந்தவுடன் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வதென்றும் தீர்மானித்தார்கள். பாதை அமைப்பைப் பற்றி இப்படி ஒரு ஊர் ஒரே இருப்பில் அல்லாமல் ஆறுதலாகப் பேசி முடிவெடுத்ததை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை.

## பின்னர் நடந்தவை

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கூட்டங்களும் அலுவலக வேலைகளும் சில மாதம் நின்றன. பெட்டி மதகு 2020 மாரிக்கு முன் முடிந்தது. அந்த டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கமாகக் கரையேறியபோது வடக்குப் பகுதி வீடுகளில் தண்ணீர் சீக்கிரம் இறங்கியது. நடுப்பகுதியில் பழையபடி தங்கியது. இரண்டுக்கும் இடையிலிருந்த வித்தியாசம், அதுவரை மூன்றாவது வழியை எதிர்த்தவர்கள் சிலரையும் மாற்றியது.

கொங்கிரீட் பகுதிக்கான வேலை 2022 தொடக்கத்தில் ஆரம்பமானது. இதைவிடக் கெட்ட நேரம் அமையாது. காபெட்டை வெட்டி எடுத்த கொஞ்ச நாளில் சீமெந்து விலை ஏறியது, டீசல் இல்லை, ஒப்பந்தகாரர் வேலையை விட்டுப் போய்விட்டார். வீதி நடுவில் வெட்டுண்டபடி கிடந்தது. எரிபொருள் வரிசையில் நின்ற மினிபஸ்ஸும் வரவில்லை, வந்தாலும் தாண்ட முடியாது. ஆடைத் தொழிற்சாலைப் பெண்பிள்ளைகள் விடிய நாலரைக்கே டோர்ச் அடித்துக்கொண்டு வாய்க்கால் கரையால் சைக்கிளில் போனார்கள். சங்கத் தலைவரை வீதியில் கண்டால் ஏசுபவர்கள் அதிகம். அந்த மாதங்களில் திட்டத்தைக் கைவிடச் சொல்லிக் கடிதம் எழுதவும் ஒரு கூட்டம் கையெழுத்துச் சேர்த்தது. கடிதம் போகவில்லை, யாரிடம் கொடுப்பதென்று தெரியாததும் ஒரு காரணம்.

2023இல் வேலை திரும்பத் தொடங்கி முடிந்தது. பக்கத்தில் அடிக்கணக்குப் போட்ட கம்பங்கள் நட்டு, சிவப்புக் கோட்டுக்கு மேலே தண்ணீர் நின்றால் வாகனம் இறங்கக்கூடாது என்று எழுதினார்கள்.

2024 நவம்பர் கடைசியில் சோதனை வந்தது. வங்கக் கடலில் உருவாகிப் பிறகு பெங்கல் புயலான தாழமுக்கம் வடக்கில் பெருமழை கொட்டியது. உயர்தரப் பரீட்சை நாடு முழுக்க இடைநிறுத்தப்பட்டது. இங்கே ஒலிபெருக்கி அறிவித்தல் இருட்டுவதற்கு முன்பே வந்தது. ஆறு ஏறியது, மேற்கு வரிசைக்குள் தண்ணீர் வந்தது, கொங்கிரீட் பகுதியால் கிழக்கே பாய்ந்தது. ஆறு இறங்கிய அன்றே மேற்கு வரிசையும் வடியத் தொடங்கி, அடுத்த நாள் பின்னேரம் முற்றங்கள் தெரிந்தன. பொருளாளரின் சுவரில் புதிய கோடுகள் பழையவற்றுக்கு நன்றாகக் கீழே, இடைவெளி விட்டு விட்டு இறங்கியிருக்கின்றன. மினிபஸ் பாடசாலையடியில் திரும்பியது.

பிசகிய இடங்களும் இருந்தன. முதல் நாள் இரவு ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு வலி கண்டது. அம்புலன்ஸ் வாய்க்கால் கரை முனை வரை வந்தது. இரும்புக் கம்பத்தின் திறப்பு வைத்திருந்தவர் தன் வீட்டாரோடு பாடசாலைக்கு இடம்பெயர்ந்திருந்தார், திறப்பு வீட்டு மேசை இலாச்சியில். ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் போய் எடுத்துவரும் வரை அம்புலன்ஸ் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. தாயும் பிள்ளையும் நலம்.

இரண்டாவது விஷயம் இதைவிடக் கனமானது. கொங்கிரீட் பகுதிக்கு நேர் கிழக்கே உள்ள சில வீடுகளுக்கு இம்முறை முன்னைவிட வேகமாகத் தண்ணீர் வந்தது. ஒரு வீட்டின் கோழிக்கூடு அடித்துக்கொண்டு போனது, வேலி சரிந்தது. 2019 கூட்டங்களின் வரவுப் பதிவில் அந்தப் பக்கத்துப் பெயர்கள் மிகக் குறைவு. அவர்கள் பெரும்பாலும் மண் நிரப்பாமல் பழைய மட்டத்திலேயே இருப்பவர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், கூட்டம் வைத்த நேரத்தில் வீட்டில் இருக்காதவர்கள். வீதியை இறக்கியது சரியான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதன் செலவில் ஒரு பங்கை, கேட்கப்படாதவர்கள் கட்டியிருக்கிறார்கள்.

## மாற்றிச் செய்யவேண்டியவை

சங்கம் 2025 தைக் கூட்டத்தில் பேசியவை இவை. என் கருத்தையும் அங்கங்கே சேர்த்திருக்கிறேன்.

கம்பத்துக்கு இரண்டு திறப்பு. ஒன்று பாடசாலை அலுவலகத்தில், மற்றது வாய்க்கால் கரையை ஒட்டி மேட்டில் இருக்கும் ஒரு வீட்டில். இது அன்றே முடிந்த வேலை.

கொங்கிரீட் பகுதியிலிருந்து ஆறு வரை தண்ணீரைக் கொண்டுபோகக் கல் பதித்த கால்வாய் ஒன்று வேண்டும். அது இரண்டு தனியார் காணிக்கு நடுவால் போகவேண்டியிருப்பதால் இழுபடுகிறது. ஒருவர் சம்மதம், மற்றவர் வெளிநாட்டில். 2019இலேயே இதைக் கேட்டிருக்கவேண்டும். அப்போது அந்த இரண்டாவது காணி விற்கப்படாமல், ஊரில் இருந்த ஒருவர் பெயரில் இருந்தது.

இனி வீதி வேலைக்கு அளவெடுக்க வருபவர்களோடு மூன்று பேர் போகவேண்டும் என்று தீர்மானித்திருக்கிறார்கள்: ஒரு கமக்காரர், மேற்கு வரிசையிலிருந்து ஒருவர், ஆற்றுப்பக்கத்திலிருந்து ஒருவர். இது நல்ல ஏற்பாடு. அளவெடுப்பை மார்கழியில் வைக்கச் சொல்லிக் கேட்டால் இன்னும் நல்லது. நிதியாண்டு கணக்கு அதற்கு இடம் தராது என்று உத்தியோகத்தர் சொன்னார், அப்படியென்றால் மாரியில் எடுத்த படங்களும் கரிக்கோடுகளுமாவது கோப்பில் இருக்கவேண்டும்.

வளவு நிரப்புவதைப் பற்றி உறுதியான முடிவு எதுவும் வரவில்லை. புதிதாகக் கட்டுபவர்கள் வேலியோரம் ஓரடி வாய்க்கால் விடவேண்டும் என்று ஒருவர் முன்மொழிந்தார். வழிமொழிய ஆள் கிடைத்தது, நடைமுறைப்படுத்த ஆள் கிடைக்கவில்லை. நகரம் இந்தப் பக்கம் இன்னும் வளரும்போது தகராறு இதில்தான் வரும் என்று படுகிறது.

கூட்டத்தின் கடைசி விடயம் மினிபஸ். வெள்ள நாட்களில் பாடசாலையடி வரைக்கும் அரைக் கட்டணம்தான் எடுக்கவேண்டும் என்று மாதர் சங்கம் கேட்டது. உரிமையாளர் ஒத்துக்கொள்ளவில்லை. டீசல் விலையைச் சொன்னார், அவர்கள் நடந்த தூரத்தைச் சொன்னார்கள். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.